ஒட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம்!



வடாம், வற்றல் போடுவதைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதினாலும் எழுதினேன், கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. வேடிக்கை என்னவென்றால், பாதிக் கடிதங்களில் வடாத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை! "நானும் வீட்டிலேயே பொடி அரைத்து ஆன்லைனில் விற்கிறேன். லேபிள் அச்சடிக்கிற மெஷின் வாங்கலாமா?" என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். "பெரிய கடைகளில் ஆர்.எஃப்.ஐ.டி. என்று ஏதோ ஒட்டுகிறார்களாமே, அது நம்மைப் போன்றவர்களுக்கும் உண்டா?" என்று இன்னும் சிலர்.

நியாயமான கேள்விகள்தான். 2020-ல் ஊரடங்கு வந்தபோது வீட்டிலேயே பொடி, ஊறுகாய் என்று ஆரம்பித்த பெண்கள் எத்தனையோ பேர். நானும் அவர்களில் ஒருத்தி. மிக்ஸியும் சல்லடையும் நமக்குப் பழகினவை. லேபிள்தான் புதுசு. அதை லேசாக நினைத்து நான் ஒரு தப்புச் செய்தேன். அதையும் இன்று சொல்லப் போகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொன்னால் யாராவது ஒருத்தருக்காவது உபயோகப்படும் அல்லவா?

தொட்டியில் போட்டால் பில்!

போன மாதம் பையனுக்கு ஷூ வாங்க ஒரு பெரிய விளையாட்டுச் சாமான் கடைக்குப் போயிருந்தோம். ஷூ, இரண்டு பனியன், ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு பந்து. பில் போடும் இடத்தில் ஆளைக் காணோம். "எல்லாத்தையும் அந்தத் தொட்டியிலே போடும்மா" என்றான் பையன். போட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் எல்லாச் சாமான்களின் பெயரும் விலையும் திரையில் வந்துவிட்டன! ஒன்றையும் எடுத்துக் காட்டவில்லை, திருப்பவில்லை. "இதென்னடா, மாயாஜாலமா இருக்கே!" என்றேன் நான்.

மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. அந்தச் சாமான்களின் அட்டைக்குள் ரவைத் துணுக்கு அளவில் ஒரு சில்லு இருக்கிறது. அதைச் சுற்றிக் கோலத்தின் இழை மாதிரி மெல்லிய உலோகக் கம்பி ஓடுகிறது. பேட்டரி கிடையாது. தொட்டிக்கு அடியில் உள்ள கருவி ரேடியோ அலையை அனுப்புகிறது. அந்த அலையிலிருந்தே கொஞ்சம் சக்தியை அந்தக் கம்பி எடுத்துக்கொண்டு, சில்லில் பதிந்திருக்கும் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. இதுதான் ஆர்.எஃப்.ஐ.டி. சில மீட்டர் தூரத்திலிருந்தும் படிக்கலாம். மூடிய அட்டைப் பெட்டிக்குள் இருந்தாலும் படிக்கலாம். நூறு சட்டை இருக்கிற பெட்டியைப் பிரிக்காமலே எண்ணிவிடலாம்.

"எங்களுக்கு எங்கே அதெல்லாம்?" என்று சொல்லிவிடாதீர்கள். காரின் முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் இருக்கிறதே, அதுவும் இதே ஜாதிதான். 2021 பிப்ரவரியிலிருந்து சுங்கச் சாவடிகளில் அதைக் கட்டாயமாக்கினார்கள். ஜவுளிக்கடைப் புடவையில் குத்தியிருக்கும் கட்டை பிளாஸ்டிக் பொத்தான் பெரும்பாலும் வேறு ரகம். பில் போடாமல் வெளியே போனால் அது "கீ கீ" என்று கத்தும், அவ்வளவுதான். எந்தப் புடவை, என்ன விலை என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

இளம் தாய்மார்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. வெளிநாட்டு நிறுவனங்களின் ரெடிமேட் உடைகளில் உள்பக்கம் ஒரு கெட்டிச் சீட்டு தைத்திருக்கும். கத்தரிக்கோல் படம் போட்டிருந்தால் துவைப்பதற்கு முன் அதை வெட்டி எடுத்துவிடுங்கள். பேட்டரி இல்லாததால் படிக்கிற கருவி பக்கத்தில் இல்லாதபோது அது சும்மாதான் கிடக்கும், அதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஆனால் கைக்குழந்தையின் கழுத்தில் அது உராய்ந்தால் தோல் சிவந்து போகும். குழந்தை ஏன் அழுகிறது என்று தெரியாமல் நாம் ஓமவாட்டரைத் தேடிக்கொண்டிருப்போம்!

மணலில் போட்ட கோடுகள்

இதற்கு முன்னால் வந்தது நமக்கெல்லாம் தெரிந்த பார்கோடு. அது பிறந்த கதை ரசமானது. 1940-களின் கடைசியில் நார்மன் ஜோசப் உட்லண்டு என்ற அமெரிக்கர் மயாமி கடற்கரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் தந்திக்கு உரிய புள்ளிகளையும் கோடுகளையும் போட்டாராம். அப்படியே அவற்றைக் கீழ்நோக்கி இழுத்தாராம். சில கோடுகள் தடித்தும் சில மெலிந்தும் வந்தன. அதுதான் மூலம்! அவரும் பெர்னார்ட் சில்வர் என்ற நண்பரும் 1952-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். ஆனாலும் கடைக்கு வந்து சேர இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ட்ராய் என்ற ஊரில், ஒரு கடையில், முதன்முதலாகப் பில் போடப்பட்ட சாமான் என்ன தெரியுமா? ஒரு பாக்கெட் சூயிங்கம்!

கடைச் சாமான்களில் பார்கோட்டுக்குக் கீழே 13 எண்கள் இருக்கும். இந்தியாவில் பதிவு செய்தவை 890 என்று ஆரம்பிக்கும். ஜி.எஸ்.1 இந்தியா என்ற அமைப்பு இந்த எண்களைக் கொடுக்கிறது. எண்ணை எங்கே பதிவு செய்தார்கள் என்பதைத்தான் 890 காட்டும். சாமான் எங்கே செய்தது என்பதற்கு அது அத்தாட்சி இல்லை. கடைக்கோ பெரிய ஆன்லைன் நிறுவனங்களுக்கோ சரக்குக் கொடுப்பதானால் நாமாக ஒரு எண்ணை இட்டுக்கட்டி ஒட்டக் கூடாது. அது இன்னொருவருடைய எண்ணாக இருந்துவிட்டால் வீண் வம்பு.

கடைசி எண் ஒரு காவல்காரன். கற்பனையாக 890123456789 என்று 12 எண்களை வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 28. இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 34. அதை மூன்றால் பெருக்கினால் 102. இரண்டையும் சேர்த்தால் 130. அடுத்து வரும் முழுப் பத்துக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் பதின்மூன்றாவது எண். இங்கே குறைவே இல்லை, ஆகவே 0. ஏதாவது ஒரு எண் தப்பாகப் படிக்கப்பட்டால் கணக்கு உதைக்கும். கருவி ஏற்றுக்கொள்ளாது.

எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள்! ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எண் தப்பினால் கருவி கண்டுபிடிக்கும். சரியான லேபிளைத் தப்பான டப்பாவில் ஒட்டிவிட்டால்? எந்தக் கருவியும் கண்டுபிடிக்காது. என் கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

என் கையால் நடந்த தப்பு

2023 தீபாவளி சமயம். ஆர்டர்கள் வந்து குவிந்தன. பருப்புப் பொடிக்கு 30 லேபிளும், அதற்குக் கீழே நிலக்கடலைப் பொடிக்கு 30 லேபிளும் ஒரே ரோலில் என் பெண் அச்சடித்துக் கொடுத்தாள். "முதல்லே பருப்புப் பொடி, அப்புறம் கடலைப் பொடிம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் காலேஜுக்குப் போனாள்.

பருப்புப் பொடி 18 பாக்கெட்தான் தேறிற்று. ஆகவே ரோலில் பருப்புப் பொடி லேபிள் 12 மிச்சம். மத்தியானம் கடலைப் பொடி அரைத்து ஆறவைத்து, பாக்கெட் போட்டு, அதே ரோலை எடுத்து மளமளவென்று ஒட்டினேன். அடுப்பில் ரசம் கொதிக்கிறது, வாசலில் கூரியர்காரப் பையன் நிற்கிறான். படித்துப் பார்க்கவில்லை. 12 கடலைப் பொடி பாக்கெட்டுகள் "பருப்புப் பொடி" என்ற பெயரில் வெளியூர் போய்விட்டன.

நாலாம் நாள் பெங்களூரிலிருந்து ஒரு போன். குரல் சின்னப் பெண்ணுடையது. "அம்மா, உங்க பருப்புப் பொடியிலே கடலை இருக்கா?" என்று கேட்டாள். "இல்லையே, துவரம்பருப்பு, பொட்டுக்கடலை, மிளகாய், பூண்டு, பெருங்காயம்தான்" என்றேன் பெருமையாக. "நிலக்கடலை இல்லையே?" என்றாள் மறுபடியும். எனக்குச் சுரீர் என்றது.

அவளுடைய ஐந்து வயசுக் குழந்தைக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாதாம். இரண்டு வாய் சாதம் ஊட்டியதும் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்திருக்கிறது. ஏற்கெனவே ஒரு தரம் பார்த்திருந்ததால் அவளுக்குப் புரிந்துவிட்டது. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள். ஊசி போட்டு, ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்து, காலையில் அனுப்பியிருக்கிறார்கள். கடவுள் புண்ணியத்தில் குழந்தை பிழைத்தது.

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. "அம்மா, நான் லேபிளைப் படிச்சுட்டுத்தானே கொடுத்தேன்?" என்றாள். அவ்வளவுதான். இன்றைக்கும் சில ராத்திரிகளில் அந்த வார்த்தை என் காதில் விழுகிறது.

முப்பது பாக்கெட்டில் எது?

அதற்கப்புறம்தான் பெரிய சோதனை. "பருப்புப் பொடி" என்ற பெயரில் 30 பாக்கெட் 26 வீடுகளுக்குப் போயிருக்கிறது. அதில் 12 தப்பு. எந்த வீட்டில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாப் பாக்கெட்டிலும் ஒரே லேபிள், ஒரே தேதி. அரைத்த ஈடு எண் போடவில்லை. "இத்தனூண்டு வியாபாரத்துக்கு அது எதுக்கு?" என்று அலட்சியமாக விட்டிருந்தேன்.

நானும் என் பெண்ணுமாக மீதி 25 வீடுகளுக்கும் போன் செய்தோம். "தயவுசெய்து சாப்பிட வேண்டாம், பிரித்து மோந்து பாருங்கள்" என்று கெஞ்சினோம். எட்டுப் பாக்கெட் திரும்பி வந்தது. மூன்று வீட்டில் ஏற்கெனவே காலி செய்திருந்தார்கள். அதில் ஒரு மாமி, "இந்தத் தடவை பருப்புப் பொடி தனி ருசியா இருந்ததே!" என்று பாராட்ட வேறு செய்தார்! அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. 30 பாக்கெட்டுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. மாமியார் மட்டும், "பேரை மாத்தி வெச்சுட்டியேடீ" என்றார்.

இப்போது அந்தத் தொட்டியை நினைத்துப் பாருங்கள். பார்கோடு என்பது வீட்டுப் பெயர் மாதிரி. ஒரே ரகமான சாமான் எல்லாவற்றுக்கும் ஒரே எண். ஆர்.எஃப்.ஐ.டி. என்பது ஆளின் பெயர். ஒரே மாதிரி நூறு பனியன் இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுக்கலாம். இது எந்தத் தொழிற்சாலையில் எப்போது தைத்தது, எந்தப் பெட்டியில் வந்தது, எந்தக் கடைக்குப் போனது என்று அந்த எண்ணை வைத்துத் தேடிவிடலாம். என் கையில் அன்றைக்கு அது இருந்திருந்தால் 12 பாக்கெட்டும் எங்கே என்று ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

ஆனால் ஒன்று. கடலைப் பொடி மேல் "பருப்புப் பொடி" என்று எழுதின டேக்கை நான் ஒட்டியிருந்தால் அதுவும் அந்தப் பொய்யைத்தான் திருப்பிச் சொல்லியிருக்கும். கருவிக்குத் தெரிந்ததெல்லாம் நாம் அதற்குச் சொன்னதுதான்!

நமக்கு அது வேண்டுமா?

என் அபிப்பிராயத்தில், இப்போதைக்கு வேண்டாம். டேக் ஒன்றுக்குச் சில ரூபாய்தான். ஆனால் படிக்கிற கருவியின் விலை நம் சக்திக்கு மீறினது. இன்னொன்று, சாதாரண டேக்குக்கு உலோகமும் தண்ணீரும் ஆகாது. அலுமினியத் தாள் பாக்கெட்டின் மேலோ, தண்ணீர்ச் சத்துள்ள ஊறுகாய் பாட்டிலின் மேலோ அப்படியே ஒட்டினால் சரியாகப் படிக்காது. அதனால்தான் துணிமணி, செருப்பு வியாபாரத்தில் இது சுலபமாக நுழைந்தது. திருப்பூர்ப் பக்கம் ஏற்றுமதி பனியன் தைக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

நமக்கு வேண்டியது அந்தக் கருவி செய்கிற வேலை. அதை ஒரு 40 பக்க நோட்டும் பேனாவும் செய்துவிடும். எப்படி என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் லேபிள் மெஷினைப் பற்றி.

எந்த அச்சு எதற்கு?

சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும் சின்ன மெஷின்களுக்கு மை கிடையாது. தெர்மல் காகிதத்தின் மேல் பூச்சு இருக்கிறது. சூடு பட்ட இடம் கறுக்கிறது. கூரியர் லேபிளுக்கு இது பிரமாதம். 4 அங்குலம் அகலம், 6 அங்குலம் நீளம் என்பது வழக்கமான அளவு. நாலைந்து நாளில் பார்சல் போய்ச் சேர்ந்துவிடும். போகிற வழியெல்லாம் அந்தப் பார்கோட்டைப் படித்துத்தான் பார்சலை அனுப்புகிறார்கள். ஆகவே பெட்டியின் மடிப்பில் ஒட்டாதீர்கள். அதன் மேல் மினுமினுக்கும் டேப்பையும் ஒட்டாதீர்கள். கோடு சுருங்கினாலோ பளபளத்தாலோ கருவி தடுமாறும்.

அதே தெர்மல் லேபிளைப் பொடி டப்பாவில் ஒட்டினால் ஆபத்து. அடுப்பு அனல், வெயில், எண்ணெய்க் கை எல்லாம் பட்டு எழுத்து மங்கிவிடும். தேதி போனால் லேபிள் போன மாதிரிதான். டப்பாவுக்கு ரிப்பன் போட்டு அச்சடிக்கிற ரகம் நல்லது. அதில் மெழுகு ரிப்பன் மலிவு, ஆனால் உரசினால் அழியும். ரெசின் ரிப்பனோடு பிளாஸ்டிக் லேபிள் போட்டால் எண்ணெய்க்கும் ஈரத்துக்கும் தாங்கும். மாசத்துக்கு 100 பாக்கெட் விற்கிறவர்கள் மெஷினே வாங்க வேண்டாம். பக்கத்து அச்சுக்கடையில் லேபிள் அடித்துக்கொண்டு, தேதியையும் ஈடு எண்ணையும் அழியாத மையால் எழுதினாலே போதும்.

இருப்பது தெர்மல் காகிதமா என்று சந்தேகமா? நகத்தால் அழுத்திக் கீறுங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் தெர்மல்தான். கடை பில்லும் இதே காகிதம். ஃப்ரிட்ஜ், மிக்ஸி வாங்கின பில்லை பீரோவில் பத்திரமாக வைத்து, இரண்டு வருஷம் கழித்து எடுத்தால் வெள்ளைக் காகிதம்தான் இருக்கும்! வாங்கின அன்றே செல்போனில் போட்டோ எடுத்து வையுங்கள்.

இதில் உடம்பு சம்பந்தப்பட்ட சேதியும் உண்டு. தெர்மல் பூச்சில் பிஸ்பீனால் ஏ என்ற ரசாயனம் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. ஐரோப்பிய யூனியன் 2020 ஜனவரியிலிருந்து இதைக் கடுமையாகக் கட்டுப்படுத்திவிட்டது. ஆகவே பில்லைக் குழந்தை வாயில் வைத்துக் கடிக்க விடாதீர்கள். லேபிள் ஒட்டின கையோடு மாவு பிசையாதீர்கள், சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பாக்கெட்டுக்கு உள்ளே, பொடியோடு சேர்த்துச் சீட்டுப் போடுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

லேபிளில் என்னென்ன வேண்டும்?

உணவுப் பாதுகாப்புத் துறையின் லேபிள் விதிகள் 2020-ல் வந்தவை. எடையளவுச் சட்டத்தின் விதிகள் தனி. எல்லாவற்றையும் இங்கே சொல்ல இடம் போதாது. ஆரம்பிக்குமுன் உங்கள் ஊர் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். முக்கியமானவை இவை:

பொருளின் பெயர். சேர்த்த சாமான்கள், எடை அதிகமானது முதலில் வருகிற மாதிரி. நிகர எடை. எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை. செய்தவரின் பெயர், விலாசம், புகார் சொல்ல போன் எண். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. கொடுத்த 14 இலக்க எண். சைவத்துக்குப் பச்சைக் கட்டத்துக்குள் பச்சை வட்டம். செய்த தேதி, எந்தத் தேதிக்குள் உபயோகிக்க வேண்டும் என்பது, ஈடு எண். இவை ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும், கூடவே தமிழிலும் போடலாம். நம் ஊர்ப் பெரியவர்களுக்காக அவசியம் போடுங்கள்.

அப்புறம், ஒவ்வாமை. நம் நாட்டு விதிப்படி கோதுமை போன்ற தானியங்கள், பால், முட்டை, மீன், இறால் வகை, நிலக்கடலை மற்றும் பருப்புக் கொட்டைகள், சோயா முதலியவை இருந்தால் தனியாகக் குறிப்பிட வேண்டும். "நான் செய்வது சாம்பார் பொடி, அதில் கோதுமை ஏது?" என்பீர்கள். பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்! கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ சேர்ப்பது சகஜம். கோதுமை ஒத்துக்கொள்ளாதவருக்கு அந்தச் சிட்டிகைகூடச் சங்கடம்தான்.

வெளிநாட்டுக்குப் பொடி அனுப்புகிறவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் 2023 ஜனவரி முதல் எள்ளையும் ஒவ்வாமைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் எள்ளோடு கடுகும் பட்டியலில் உண்டு. நம் இட்லி மிளகாய்ப் பொடியில் எள் இல்லாமல் எப்படி?

ஒரே மிக்ஸியில் கடலையும் அரைக்கிறீர்களா? "நிலக்கடலை கலந்திருக்கலாம்" என்று உண்மையைப் போட்டுவிடுங்கள். இரண்டு பாக்கெட் குறைவாக விற்றால் குடி முழுகிப் போகாது.

தேதி விஷயத்தில் இன்னொன்று. ஆன்லைனில் விற்கிற உணவு, வீடு வந்து சேரும்போது அதன் ஆயுளில் குறைந்தது 30 சதவீதமோ அல்லது 45 நாளோ பாக்கி இருக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அறிவுறுத்தியது. வாங்குகிற சகோதரிகளும் பார்சலைப் பிரித்ததும் தேதியைப் பார்த்துக் கேள்வி கேட்கலாம்.

குழந்தைக்கு ஏதாவது சாப்பிட்டவுடன் உதடோ முகமோ வீங்கினால், மூச்சு இழுத்தால், விடாமல் வாந்தி எடுத்தால், கைவைத்தியம் பார்த்துக்கொண்டு நேரத்தைக் கடத்தாதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள் அல்லது ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அட்ரினலின் ஊசிதான் அதற்கு முதல் மருந்து. சாப்பிட்ட பாக்கெட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.

நாற்பது பக்க நோட்டு

இப்போது எங்கள் வீட்டில் நடக்கிற முறையைச் சொல்கிறேன்.

ஒரு நாளில் ஒரு பொடிதான் பாக்கெட் போடுவது. கடலைப் பொடிக்குத் தனி நாள், தனி ஜார், தனிச் சல்லடை.

ஒவ்வொரு ஈட்டுக்கும் ஒரு எண். உதாரணமாக, ஜூன் 14-ஆம் தேதி அரைத்த பருப்புப் பொடி முதல் ஈட்டுக்கு "ப 1406-1". அதோடு ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 1, 2, 3 என்று வரிசை எண். நோட்டில் அந்த ஈட்டுக்கு ஒரு பக்கம். பருப்பு எந்தக் கடையில் வாங்கினது, பெருங்காயம் எந்த டப்பா, எத்தனை பாக்கெட், எந்த எண் யார் வீட்டுக்குப் போனது என்று எல்லாம் அதில் இருக்கும். பெரிய கடைக்கு அந்தச் சில்லு எப்படியோ, எனக்கு இந்த நோட்டு அப்படி!

எத்தனை பாக்கெட்டோ அத்தனை லேபிள்தான் அச்சடிப்பது, பொடியைப் பாக்கெட் போட்ட பிறகுதான் அச்சடிப்பது. மிஞ்சினால் அங்கேயே கிழித்துவிடுவது. ரோலில் பாக்கி வைப்பதே கிடையாது.

ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு பாக்கெட் நம் வீட்டிலேயே, தேதி முடிகிறவரை. யாராவது ஏதாவது சொன்னால் பிரித்துப் பார்க்கலாம்.

கடைசியாக, ஒட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம். ஒருவர் பொடியை மோந்து பார்த்துப் பெயரைச் சொல்ல வேண்டும். இன்னொருவர் லேபிளை வாய்விட்டுப் படிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் ஒட்டுவது. மோந்து பார்க்கிற வேலை என் மாமியாருடையது. கண் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் மூக்கு படு கூர்மை! அடுப்பில் ஏதாவது இருந்தால் முதலில் அதை அணைத்துவிடுகிறேன். கூரியர்காரப் பையன் நிற்கட்டும், ஒரு டம்ளர் மோர் கொடுத்தால் போயிற்று.

பெங்களூர்ப் பெண்ணுக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பியபோதே இந்த முறையையெல்லாம் எழுதி அனுப்பினேன். பதிலே இல்லை. நியாயம்தானே? எட்டு மாதம் கழித்து ஒரு நாள் போன் வந்தது. "அம்மா, என் மாமியார் உங்க பருப்புப் பொடிதான் வேணும்னு கேக்கறாங்க. அனுப்புங்க. ஆனா நோட்டுப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பணும்" என்றாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் அனுப்புகிறேன். அவளும் ஒவ்வொரு தடவையும் பாக்கெட்டில் உள்ள எண்ணைப் படித்துச் சொல்லி, "சரிதானேம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் பிரிக்கிறாள். அவள் கேட்கிற வரைக்கும் நானும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.

அடுத்த இதழில் சந்திப்போம்.